“சத்தம் வருது, சுத்தல!” – வாசகர் கேள்விகளுக்கு வேலூர் மெக்கானிக் பதில்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், எனக்கு வரும் கடிதக் கட்டு கனத்துவிடும். சித்திரையில் எங்கள் வேலூரில் பிழியாத துணியை மொட்டை மாடியில் போட்டாலும், காபி குடித்துவிட்டு வருவதற்குள் அப்பளமாகிவிடும். வாஷிங் மிஷினில் துணியைப் பிழியும் ஸ்பின் ஓடுகிறதா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மழை பிடித்து, பனியன் எல்லாம் ஈர வாடை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் “அண்ணே, மிஷின் சுத்தவே மாட்டேங்குது” என்று ஞாபகம் வரும். இந்த மாதக் கடிதங்களில் முக்கால்வாசி அதே பாட்டு. அதனால் மிக்ஸி, கிரைண்டர்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும்.

எங்கள் வீட்டில் ஒன்பது வருட செமி ஆட்டோமேட்டிக். துவைக்கும் பக்கம் நன்றாக ஓடுகிறது. ஸ்பின் பக்கம் “உம்ம்ம்” என்று முனகுகிறது, சுற்றவில்லை. வந்து பார்த்தவர் மோட்டார் போய்விட்டது, 2,800 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி

பொறுங்கள் டீச்சர். முனகுகிற மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. நிஜமாகவே காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) எரிந்துபோன மோட்டார் பெரும்பாலும் முனகாது. கருகல் வாடை அடிக்கும், அல்லது செத்த மாதிரி கிடக்கும்.

பதினாறு வயதில் நான் லாங் பஜார் பக்கம் காயில் கட்டுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து கிணற்று மோட்டார்கள் மாட்டு வண்டியில் வரும். முதலாளி ஸ்பேனரைத் தொட மாட்டார். கரண்டைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “டேய், இது பசியில கத்துது, இது வலியில கத்துது” என்பார். அப்போது சிரித்தேன். இப்போது தோட்டப்பாளையத்தில் என் கடைப் பையன்களிடம் நானும் அதையேதான் சொல்கிறேன்.

உங்கள் மிஷின் இரண்டு காரணத்தால் முனகலாம். ஒன்று, கூடையை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அல்லது, மோட்டாருக்குத் தொடக்க உந்துதல் கிடைக்கவில்லை.

பிடித்துக்கொள்வதில் முதல் ஆள் பிரேக். ஸ்பின் மூடியைத் திறந்ததும் கூடை சட்டென்று நிற்கிறதல்லவா, அந்த வேலையைச் செய்வது அடியில் மோட்டார் தலையில் இருக்கும் ஒரு சின்னக் கட்டை. மூடியை மூடும்போது ஒரு ஒயர் அந்தக் கட்டையை இழுத்து விலக்குகிறது. ஒயர் தளர்ந்தாலோ அறுந்தாலோ கட்டை விலகாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்கூட்டரை முறுக்கினால் எப்படி இருக்கும்? அதேதான். சோதிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பின் மூடி மூடியே இருக்கட்டும். பின்னாலிருந்து, பிரேக் கட்டை பிடிக்கும் அந்த வட்டத் தட்டைக் கையால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மூடியைத் திறந்ததும் இறுக வேண்டும். மூடியிருக்கும்போதே இறுக்கமாக இருந்தால் பிரேக் ஒயரைப் பார்க்க வேண்டும். அதற்கு 2,800 ரூபாய் வேண்டாம்.

இரண்டாவது ஆள் துணி. கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் கைக்குட்டை, சாக்ஸ் எல்லாம் நழுவி அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் ஆறு மாதமாகக் காணாமல் போன குழந்தை ஜட்டி ஒன்றை அடியிலிருந்து உருவி எடுத்தேன். மாமியாரும் மருமகளும் அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்களாம்! துணியை அமுக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருப்பார்களே, அதை வாங்கின மறுநாளே பரண்மேல் போட்டுவிடுகிறோம். அதைப் போட்டிருந்தால் இந்தப் பேச்சுவார்த்தை முறிந்திருக்காது.

இரண்டும் சரி என்றால் கெபாசிட்டர். பழைய ஆட்கள் கண்டென்சர் என்போம். மோட்டார் எந்தப் பக்கம் கிளம்புவது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவது இதுதான். வயசானால் அதன் தெம்பு குறையும். என் கைக்கு வருகிற செமிகளில் பெரும்பாலும் துவைக்கும் பக்கத்துக்கு சுமார் 10 மைக்ரோ ஃபாரட்டும் (கெபாசிட்டரின் அளவு), ஸ்பின்னுக்கு 5 அல்லது 6-ம் இருக்கும். பழையதன்மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதையேதான் போட வேண்டும். “பெருசாப் போட்டா வேகமாச் சுத்தும்” என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் மோட்டாரைச் சூடாக்கி எரிக்கப் போகிறார் என்று அர்த்தம். பொருள் விலை 200 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் நீங்களே கை வைக்க வேண்டாம் டீச்சர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். நான் இரண்டு முறை ஷாக் வாங்கியிருக்கிறேன்.

வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கண்டென்சர் மாத்திப் பாத்தீங்களா?” பார்க்கவில்லை என்றால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. மிஷினுக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று எழுதவில்லை. ஸ்பின் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. அது கிழிந்தால் சோப்புத் தண்ணீர் நேராக மோட்டார் தலையில்தான் இறங்கும். அப்படி நனைந்திருந்தால் மோட்டாரை மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் அடுத்த ஐப்பசிக்கு மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

மேல் மூடி ஃபுல்லி ஆட்டோமேட்டிக். சாயங்காலம் போட்டால் ஸ்பின்னில் நின்றுவிடுகிறது. ராத்திரி பதினொன்றரைக்குப் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. என் மனைவி, மிஷினுக்குக் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்.
– ஜவுளிக் கடைக்காரர், குடியாத்தம்

பழம் இருக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் வோல்டேஜையும் பாருங்கள்.

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். தெருவில் தறி, ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் அது 170-க்கு இறங்கினால், “கால்வாசிதானே குறைஞ்சது” என்று தோன்றும். மோட்டாரின் இழுவை அப்படிக் குறையாது. வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 170-ல் ஏறத்தாழ பாதி இழுவைதான் மிஞ்சும். துவைக்கும்போது துணி தண்ணீரில் மிதப்பதால் சமாளித்துவிடும். ஊறின துணியோடு முழு டப்பையும் நின்ற இடத்திலிருந்து கிளப்ப அந்தப் பாதி போதாது.

எலக்ட்ரீஷியனைச் சாயங்காலம் வரச் சொல்லுங்கள், காலையில் அல்ல. மிஷின் ஸ்பின்னுக்குப் போகும் நேரத்தில் அதே பிளக் பாயிண்டில் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். மெயினில் 220 இருந்து மிஷின் பாயிண்டில் 180 இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான். லூசான இணைப்பு, கருகிய சாக்கெட், இல்லையென்றால் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நூல் மாதிரி ஒயர் உள்ள பாக்ஸில் மிஷினைச் செருகி, அதிலேயே செல்போன் சார்ஜரும் போட்டிருக்கும் வீடுகளை வாரத்துக்கு நாலு பார்க்கிறேன்.

கடைசி ஒன்பது நிமிடம் என்று காட்டும். பிறகு தண்ணீர் பிடிக்கும். மறுபடி ஒன்பது நிமிடம். மறுபடி தண்ணீர். முக்கால் மணி நேரமாக இப்படியே. எலெக்ட்ரானிக் போர்டு போய்விட்டதா?
– இல்லத்தரசி, ராணிப்பேட்டை

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. புத்திசாலியாகவும் இருக்கிறது. நீங்கள் உள்ளே போட்டது ஒற்றைக் கனத்த போர்வை, சரியா? எழுதாவிட்டாலும் தெரிகிறது.

சுற்ற ஆரம்பித்ததும் எடை எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்குகிறது. டப் ஆடுவதை மிஷின் உணர்கிறது. இப்படியே வேகம் எடுத்தால் சுவரில் முட்டும் என்று நிறுத்தி, தண்ணீர் விட்டு, துணியை அலசிப் பரப்பிப் பார்க்கிறது. மறுபடி முயல்கிறது. அதே போர்வை, அதே பக்கம். சில மிஷின்களில் யூ.இ. என்று எழுத்து வரும். அதுவும் இதே புகார்தான். நிறுத்திவிட்டு, போர்வையைக் கையால் வட்டமாகப் பரப்பி, எதிர்ப்பக்கம் இரண்டு துண்டு போட்டு ஸ்பின் மட்டும் வையுங்கள்.

பரப்பியும் ஆடினால் கீழே பாருங்கள். நாலு காலும் தரையில் அழுந்தி நிற்கிறதா? சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றியிருந்தால் இறக்கிவிடுங்கள். பெருக்க வசதி, ஸ்பின்னுக்கு ஆகாது. பழைய மிஷின் என்றால் டப்பைத் தொங்கவிடும் நாலு கம்பிகளில் ஒன்று சோர்ந்திருக்கலாம். காலி டப்பின் ஒவ்வொரு மூலையையும் அமுக்கிவிட்டால், நாலும் ஒரே மாதிரி மேலே வர வேண்டும்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை. குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட், மெத்தைமேல் போடும் வாட்டர் ப்ரூஃப் விரிப்பு, மழைக்கோட்டு இவற்றை ஸ்பின்னில் போடவே போடாதீர்கள். தண்ணீர் அதற்குள் பை மாதிரி தேங்கிக்கொள்ளும். முழு வேகத்தில் சுற்றும்போது அந்தப் பை ஒரு பக்கம் உடைந்து வெளியேறினால் மிஷின் எகிறும். பாகாயத்தில் ஒரு வீட்டில் மேல் மூடியே பிளந்து கிடந்ததைப் பார்த்தேன். நல்லவேளை, குழந்தை அப்போது கூடத்தில் இருந்தது.

பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்ட பிறகு மிஷின் ஸ்பின் ஆவதில்லை. டைல்ஸுக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வங்கி ஊழியர், சைதாப்பேட்டை, வேலூர்

சம்பந்தம் இருக்கிறது சார். கொத்தனார் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அழகுக்காக மேலே தூக்கி வைத்திருப்பார். உங்கள் ஹோஸ் இப்போது இடுப்புயரத்தில் ஏறி இறங்குகிறதா?

மேல் மூடி மிஷின்களில் பெரும்பாலானவற்றில் பம்ப் கிடையாது. தண்ணீர் தன் எடையில்தான் இறங்க வேண்டும். ஹோஸ் தரையோடு படுத்திருக்க வேண்டும். தூக்கினால் அடியில் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் இருக்கும்வரை சென்சார் ஸ்பின்னுக்கு அனுமதி தராது. முன் மூடி மிஷினுக்கு இது தலைகீழ். அதில் பம்ப் உண்டு. ஹோஸை இரண்டடிக்கு மேல் தூக்கித்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்கிற தண்ணீர் எல்லாம் அப்படியே ஓடிப்போகும். கொத்தனாருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அவர்மேல் தப்பில்லை.

ஹோஸைக் கீழே விட்டும் சரியாகவில்லை என்றால் தண்ணீரை வடியவிடும் டிரெயின் மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாவம், சின்ன மோட்டார், இரண்டு வேலை. ஒரே இழுப்பில் தண்ணீர்க் கதவையும் திறக்க வேண்டும், கிளட்சையும் மாற்ற வேண்டும். கிளட்ச் மாறினால்தான் அடிச்சக்கரம் மட்டும் சுற்றாமல் முழு டப்பும் சேர்ந்து சுற்றும். இழுப்பு பாதியில் நின்றால் தண்ணீர் போய்விடும், ஆனால் ஸ்பின் வராது. இதைத்தான் பலர் போர்டுக் கோளாறு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

முன் மூடி மிஷின். இத்தனை வருடம் நன்றாக இருந்தது. காவிரித் தண்ணீர் வந்ததிலிருந்து நுரை பொங்குகிறது, பிழியாமல் சொதசொதவென்று துணி வருகிறது. காவிரித் தண்ணீர் மிஷினுக்கு ஆகாதா?
– தறி உரிமையாளர், பேரணாம்பட்டு

காவிரியைக் குறை சொல்லாதீர்கள், பாலாற்றுக்காரர்கள் நாம்! போர் தண்ணீரின் உப்பில் சோப்பு நுரைக்காது. அதனால் இரண்டு கரண்டி போடுகிற இடத்தில் நாலு கரண்டி போட்டுப் பழகிவிட்டோம். தண்ணீர் மாறிவிட்டது, கரண்டி மாறவில்லை. முன் மூடி மிஷினில் நுரை அதிகமானால் டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவே மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு இழுக்கும். பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றையும் நுரையையும் குடிக்கும். மிஷின் ஸ்பின்னைக் கைவிட்டுவிடும். முன் மூடிக்கென்று விற்கும் குறைந்த நுரைப் பொடியையே போடுங்கள், பாதி அளவு. ஒருமுறை பொடியே போடாமல், காலி மிஷினை வெந்நீரில் ஓட்டுங்கள். பழைய நுரை எல்லாம் வெளியே வரும்.

அப்படியே கீழே ஒரு மூலையில் சின்னக் கதவு இருக்கும், அதற்குள்தான் பம்ப் ஃபில்டர். கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள், தண்ணீர் கொட்டும். சில்லறை, சேஃப்டி பின், தலைமுடி, பட்டன் எல்லாம் கிடைக்கும். ஆம்பூரில் ஒரு வீட்டில் மூக்குத்தி கிடைத்தது. அந்த அம்மா கூலி கொடுத்த பிறகு பிரியாணியும் கட்டிக் கொடுத்தார்கள்.

தண்ணீர் சுத்தமாக வடிந்தும் டிரம் அசையாமல் இருந்தால், பழைய மாடல்களில் மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பென்சில் துண்டு மாதிரி இரண்டு. எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

மிஷினில் எந்தச் சத்தமும் இல்லை. லைட் எரிகிறது. பின்னால் கருப்பு ரப்பர்த் தூள் கிடக்கிறது.
– வாசகர், ஆரணி, வட ஆற்காடு மாவட்டம்

முதலில் உங்கள் விலாசம்! 1989-லேயே மாவட்டம் பிரிந்து ஆரணி திருவண்ணாமலை பக்கம் போய்விட்டது. 2019-ல் வேலூரும் மூன்றாக உடைந்தது. ஆனாலும் ‘வட ஆற்காடு’ என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்குப் பதில்.

எலி. வேறு ஒன்றும் இல்லை. ரப்பர்த் தூள் பெல்ட்டில் இருந்தோ ஒயர் மேல் உறையில் இருந்தோ வந்தது. மழைக்காலத்தில் மிஷினின் அடிவயிறு அதற்குச் சூடான வீடு. பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், சோதிக்கிறேன் என்று மறுபடி போடாதீர்கள். தோலுரிந்த ஒயர் ஈரத்தில் தகரத்தைத் தொட்டால் மிஷின் முழுக்க ஷாக் அடிக்கும். ஒயரைச் சரிசெய்த பிறகு அடித்தட்டு போடச் சொல்லுங்கள். அந்துருண்டை வைப்பதால் பயன் இல்லை. அந்துருண்டைக்குப் பக்கத்திலேயே குட்டி போட்டிருந்த எலியை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பின்னில் விமானம் கிளம்புவது போல் சத்தம். ஆனால் நன்றாகப் பிழிகிறது. விட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவர், வேலூர்

பேரிங் தம்பி. இப்போது மாற்றினால் பேரிங்கும் சீலும் மட்டும். விட்டால் தண்டும் தேயும். மூன்று மாதத்துக்குள் பார்த்துவிடு.

கடைசியாக ஒரு தப்பு. என் தப்பு.

போன மாதம் வாலாஜாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, “செமி மிஷின், ஸ்பின் பக்கம் சத்தம் வருது, சுத்தல” என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி “கெபாசிட்டர்” என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். வாங்கி மாற்றியிருக்கிறார்கள், 150 ரூபாய். சுற்றவில்லை. இந்த மாதம் மறுபடி கடிதம், இந்த முறை மூன்று பக்கம். அதில், “அந்தச் சத்தம் உம்முனு இல்லீங்க, விர்ருனு வருது, ஃபேன் ஓடறாப்புல” என்று இருந்தது.

விர் என்றால் கதையே வேறு. மோட்டார் ஜாலியாக ஓடுகிறது, கூடைக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை. மோட்டார் தண்டையும் கூடைத் தண்டையும் சேர்க்கும் கப்ளிங்கில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கும். பொருள் செலவே இல்லை, ஸ்பேனர் போட்டு ஒரு முறுக்கு. எந்தச் சத்தம் என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். முதலாளி இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

அம்மா, பின்மூடியைக் கழற்றி அந்த போல்ட்டை முறுக்கச் சொல்லுங்கள். பழைய கெபாசிட்டர் நன்றாகத்தான் இருந்திருக்கும், அதைத் தூக்கி எறியாமல் டப்பாவில் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சோளிங்கர் போகிறேன், வழியில் வந்து அந்த 150-ஐக் கொடுத்துவிடுகிறேன்.